அடுப்புக்கு மேலே தொங்கிய வீல்கள்

மழை தொடங்குவதற்கு முன் ஒருநாள், இரும்பு அறுக்கிற வீல்களைப் பற்றி என் மச்சானிடம் நான் சொன்னது இரண்டே வார்த்தை. "ஈரம் ஆகாது." சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது. அன்று அவர் பட்டறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் பார்க்கும்போது எனக்குப் பேச்சு பாதியில் நின்றுவிடும். நின்றுவிட்டது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். மலையில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கீழே போனவன். பதினேழு வருடம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கே இரும்பை அறுக்கிற கட்டிங் வீலும், தீட்டுகிற சாணைக்கல்லும் செய்தார்கள். அப்பா படுத்த படுக்கையானதும் நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல் திரும்பி வந்தேன். விதைப்பும் அறுப்பும் போக மிச்ச நாளில் மச்சான் பட்டறையில் கைவேலை. அவர் எனக்கு வைத்த பெயர் 'கம்பெனிக்காரர்'.

கம்பெனியில் நான் முதலில் இருந்தது கலவை அறையில். அறுக்கிற வீலைப் பார்த்தால் கறுப்புத் தட்டு போலத்தான் இருக்கும். உள்ளே இருப்பது கேழ்வரகு மணியைவிடச் சிறிய, கண்ணாடியைக் கீறுகிற துகள். அதன்மேல் முதலில் திரவப் பிசினை ஊற்றிப் பிரட்டுவோம். ஒவ்வொரு மணியும் நனைந்த பிறகுதான் பிசின் தூளைப் போட வேண்டும். நனையாத மணி இருந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இருக்காது. பிறகு சலித்து, அச்சில் கண்ணாடி நூல் வலை ஒன்றைப் போட்டு, அதன்மேல் கலவையைச் சமமாகப் பரப்பி, மேலே இன்னொரு வலை வைத்து அழுத்துவார்கள். அந்த வலைதான் வீலுக்கு எலும்பு.

அழுத்திய வீலை இரும்புத் தகடுகளுக்கு நடுவே அடுக்கி, மேலே கனம் வைத்து, அடுப்பு அறைக்குள் தள்ளுவோம். சூடு மெல்ல ஏற வேண்டும், மெல்ல இறங்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே கொப்பளித்துவிடும்.

கடைசி ஆறு வருடம் என்னைச் சோதனை அறையில் போட்டார்கள். அங்கே யாரோடும் பேச வேண்டாம் என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. வந்த சரக்கில் சிலதை எடுத்து, கனத்த இரும்புப் பெட்டிக்குள் மாட்டி, கதவைத் தாழிட்டு, வீலில் எழுதியிருக்கும் வேகத்தைவிட அதிக வேகத்தில் சுற்றவிடுவோம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒருநாள் ஒன்று உடைந்தது. காது கொஞ்ச நேரம் கேட்கவில்லை. கதவைத் திறந்தபோது பெட்டியின் உள்சுவரில் விரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பார்த்தேன், பாதி வீல்கூடத் தேறவில்லை. அந்தப் பள்ளத்தை நான் மறக்கவில்லை. சந்தேகப்பட்ட வீல் ஒன்றை என் கண்முன்னால் யார் கையிலும் சுற்றவிடக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இனி, அந்த வீல்களை வெளியே எடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டிருந்தார்கள். தொட்டி திங்கட்கிழமை காலை ஜீப்பில் மேலே வருவதாக இருந்தது. அதைத் தூக்கி வைக்க இரும்பு ஸ்டாண்டு செய்து தருவதாக மச்சான் ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை பெண்கள் சரிவில் இறங்கிச் சுனைத் தண்ணீரைத்தான் சுமந்துகொண்டிருந்தார்கள். மழை விட்ட சரிவு, கால் வைத்தால் வழுக்கும். முந்தின வாரம் ஒருத்தி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. அன்று அவள் கைக்கட்டோடு வந்து, ஸ்டாண்டு எப்போது முடியும் என்று பார்க்க, அதற்காக வாங்கிய ஆங்கிள் இரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கித் தொட்டி வந்து கீழ குந்திக்கினு இருந்தா நல்லா இருக்காதுண்ணா," என்றாள்.

"மதியானத்துக்குள்ள அறுத்துப் போட்டுர்றேன், இருபத்திரண்டு வெட்டு, இன்னா பெரிய வேல," என்றார் மச்சான். பிறகு வீட்டைப் பார்த்து, "ஏமே, அந்த வீலுங்கள எடுத்தா," என்று குரல் கொடுத்தார்.

அக்கா, அதாவது மச்சானின் மனைவி, ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பை கதகதப்பாக இருந்தது. புகை வாசம் அடித்தது.

"எங்க இருந்ததுக்கா இது?"

"அடுப்புக்கு மேல தம்பி. நீதான ஈரம் ஆகாதுன்ன. மழ ஆரம்பிச்ச நாள்ல இருந்து வெதக் கேவுரோட சேத்துக் கட்டித் தொங்க விட்டுட்டேன். ஒரு பொட்டு ஈரம் பட்டிருக்காது."

அவர் முகத்தில் ஒரு வேலையைச் சரியாகச் செய்த நிறைவு இருந்தது. எங்கள் மலையில் மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வரும். துணியிலிருந்து புளிவரை எல்லாம் பூத்துப்போகும். கெடக்கூடாத எதையும், விதையோ சோளக்கதிரோ சுரைக்குடுவையோ, அடுப்புக்கு மேல் புகைபடக் கட்டுவதுதான் வழக்கம். விதைக்கு அது சரி. வீலுக்கு?

நான் ஒவ்வொன்றாக எடுத்துத் தகரப் பலகையில் படுக்க வைத்தேன். பதினொன்று இருந்தது. மூன்று வளைந்துபோய், விரலால் தொட்டதும் ஓரம் தூக்கி ஆடின. ஒன்றில் நடுத்துளையிலிருந்து முடிபோல ஒரு கோடு. மீதி ஏழும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. நடுத்துளைத் தகர வளையத்தில் பொறித்திருந்த கெடு மாதம்கூட இன்னும் தாண்டவில்லை. எனக்குப் பயம் அந்த ஏழு வீலைப் பார்த்துத்தான்.

மச்சான் அதில் ஒன்றை எடுத்து, கையில் பிடித்து அறுக்கிற மிஷினில் மாட்டி இறுக்க ஆரம்பித்தார். நான் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"வாணாம் மச்சான்."

"இன்னா வாணாம்?"

"இது வாணாம்."

"ஏன்?"

"சூடு ஆகாது," என்றேன்.

மச்சான் சிரித்தார். "ஏம்பா கம்பெனிக்காரரே, நீயே எத்தினி வாட்டி சொல்லிகீற, இது அடுப்புல வெந்து வர்ற பொருளுன்னு. அடுப்புல பொறந்தத அடுப்புமேல வச்சா இன்னா கெட்டுப்பூடும்?"

கைக்கட்டுப் போட்டவளும் சிரித்துவிட்டாள். கேள்வி நியாயமான கேள்வி. பதிலும் எனக்குத் தெரியும். அங்கே இரண்டு பக்கமும் தகடு இறுக்கிப் பிடித்திருக்கும், சூட்டுக்குக் கணக்கு உண்டு. இங்கே பகலெல்லாம் அனல், அடுப்பு அணைந்ததும் மேகத்தின் ஈரம், மூன்று மாதம் இப்படி மாறி மாறிப் பட்டால் பிசின் எதைத் தாங்கும்? இதெல்லாம் மனசுக்குள் வரிசையாக ஓடியது. வாய் வரைக்கும் வரவில்லை.

"பிளக்க குடு மாப்ள."

"தரமாட்டேன்."

"ஊரே பாத்துக்கினு கீது. வெளையாடாத. இன்னிக்கி ஞாயித்துக்கெழம, திருப்பத்தூர் கடையும் சாத்தியிருப்பான். இத வுட்டா வேற இன்னா வழி?"

அவர் மிஷினை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி நின்றார். அவர் முகம் வீலுக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எனக்கு அந்த இரும்புப் பெட்டியின் பள்ளம் ஞாபகம் வந்தது. அது இரும்பு.

மிஷினை அவர் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரி. சாவியால் நட்டைக் கழற்றி வீலை எடுத்துப் பலகையில் இருந்தவற்றோடு சேர்த்து வைத்தேன். சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தேன். நல்ல வீலை அப்படி லேசில் உடைக்க முடியாது, வலை விடாமல் பிடித்துக்கொள்ளும். இவற்றில் நாலைந்து, பொரி உருண்டைபோல் உதிர்ந்தன. வேறு சில நன்றாகவே தாங்கின. அவற்றையும் விடவில்லை. எது தாங்கும் எது தாங்காது என்று சொல்லும் பெட்டி இங்கே இல்லை. பதினொன்றும் முடிந்த பிறகுதான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

அக்கா உள்ளே போய்விட்டார்.

"பைத்தியம் புட்சிக்கிச்சா உனுக்கு?" என்றார் மச்சான் மெதுவாக. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. "இப்ப ஸ்டாண்ட நீ பல்லால கடிச்சிக் குடுப்பியா?"

"ஆக்சா பிளேடுல அறுக்கறேன்."

"இருபத்திரண்டு வெட்டா?"

"இருபத்திரண்டும்."

ஆங்கிளை வைஸில் இறுக்கி முதல் வெட்டை ஆரம்பித்தேன். கையால் இரும்பை அறுப்பவன் அவசரப்பட முடியாது. முன்னால் தள்ளும்போது அழுத்த வேண்டும், பின்னால் இழுக்கும்போது விட வேண்டும். இல்லாவிட்டால் பிளேடு பல் மழுங்கும். முதல் வெட்டு விழும்போது நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. மச்சான் எதிரே புளியமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கைக்கட்டுப் போட்டவள் மட்டும் போகவில்லை. ஒரு துண்டு கீழே விழும்போதெல்லாம் "அஞ்சு", "ஆறு" என்று தரைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒன்பதாவது வெட்டில் பிளேடு ஒடிந்தது. மாற்றினேன். பதினொன்றாவதில் உள்ளங்கை கொப்புளம் உடைந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டேன். அப்போது மச்சான் எழுந்து வந்தார். உடைந்து கிடந்த வீல்களில் ஒரு துண்டை எடுத்து, கட்டை விரலால் ஓரத்தைத் தேய்த்தார். மணல் மாதிரி கொட்டியது. இன்னொரு முறை தேய்த்தார். கையைத் தட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இங்க குடு. நீ அறுக்கறத பாத்தா தொட்டிக்கு மீச மொளச்சிரும்."

மீதியை மாற்றி மாற்றி அறுத்தோம். ஒருவர் அறுத்தால் மற்றவர் ஆங்கிளின் மறுமுனையைத் தாங்கினார். கடைசித் துண்டு விழுந்தபோது சாயங்கால பஸ் வந்து திரும்பிவிட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் வெல்டிங். இருட்டுவதற்குள் நாலு காலும் நின்றது. மறுநாள் பெயிண்டு காய்வதற்கு முன்பே தொட்டி ஏறியது.

செவ்வாய்க்கிழமை நான் திருப்பத்தூர் போய்ப் புது வீல் வாங்கி வந்தேன். மச்சான் ஒன்றை மாட்டினார். வீலை மறைக்கும் கார்டு மூடியைச் சரியாகத் திருப்பினார், கண்ணாடி போட்டார், பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டார். முன்பு எப்போதோ நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கிறது.

அக்கா மீதி வீல்களைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"இப்ப சொல்லு தம்பி. எங்க வைக்கறது? அன்னிக்கி மாரி அரகொறயா சொல்லாத."

பட்டறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஈரம் ஆகாதுங்கக்கா. சூடும் ஆகாது. அடுப்புக்கிட்ட வாணாம், வெயில்லயும் வாணாம். தொங்க விடக்கூடாது, சாய்ச்சி வைக்கக்கூடாது, சமமான எடத்துல படுக்க வைக்கணும். கீழ போட்டுட்டா எடுத்து வைக்காதீங்க, எங்கிட்ட சொல்லுங்க, ஒடச்சிடலாம். எண்ணெ கையோட தொடாதீங்க. முன்ன வாங்கனத முன்ன எடுக்கணும், வளையத்துல போட்ட மாசம் தாண்டிட்டா எடுக்கவே கூடாது."

"இவ்ளோ பேச்ச எங்கப்பா ஒளிச்சி வச்சிருந்த?" என்றார் மச்சான்.

அக்கா உள்ளறையில் தன் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தார். அடியில் ஒரு பலகை போட்டு வீல்களைப் படுக்க வைத்து மூடினார். மூடிய கையோடு, சுவரோரம் இருந்த புளிக்கூடையைத் தூக்கிப் பெட்டிமேல் வைக்கப் போனார். மூடி மெல்லிய தகரம், கை வைத்தாலே உள்ளே அமுங்கும், கூடையின் கனம் வீல்மேல் இறங்கிவிடும்.

"அதுவும் வாணாங்கக்கா," என்றேன்.