சட்டைக் கை கிழிந்த மதியம்

ஜிம்மில் பையன்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "சேட்டா, பாக்ஸிங்கா ஜூடோவா, எது பெஸ்ட்?" மட்டாஞ்சேரியில் ஒரு ஹோட்டல் பாரில் பவுன்சர்களுக்கு ஹெட்டாக நிற்பவனுக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறார்கள். என் ஆர்ட் கராத்தே, பிரவுன் பெல்ட். வேலையில் ஒரே ஒரு முறை உதைத்திருக்கிறேன். தொடை பிடித்துக்கொண்டது. நான் உதைக்கப் போன குடிகாரர்தான் என்னைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார். சண்டை நின்றதா இல்லையா? கராத்தே பயன்படாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

1. பாக்ஸர்

ஆன்டணி நல்ல பாக்ஸர். பாட்டிலை ஓங்கிய ஒருத்தனுக்கு ஒரு ரைட் விட்டான். வாங்கியவன் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றான். ஆன்டணிக்குக் கை எலும்பு உடைந்தது. ரிங்கில் துணிச்சுற்றும் கிளவுஸும் கையைக் காக்கும். பாரில் வெறும் கை.

"கிளவுஸ் மாட்டிட்டு அடிச்சிருக்கலாமேடா?"

"அதுவரைக்கும் அவன் வெயிட் பண்ணுவானா சேட்டா?"

மேனேஜர் முடிவு செய்துவிட்டார். "இனி ஜூடோக்காரன் போதும். ரத்தம் இல்ல, டீசன்ட்."

2. ஜூடோ

அப்படி வந்தவன் சுள்ளிக்கல் செல்வன். என்னைப் போலவே தமிழை மலையாளத்தில் முக்கியெடுத்துப் பேசும் வீட்டுப் பிள்ளை. பிளாக் பெல்ட், ஆனால் பரம சாது.

ஒரு ஞாயிறு மதியம், பள்ளுருத்தியில் குடியிருந்த கொத்தனார் முருகேசன் போதையில் வெயிட்டரின் காலரைப் பிடித்தார். செல்வன் குறுக்கே போனான்.

"அண்ணே, மதி, போதும். வா, வெளியே போகாம்."

"என்னை அனுப்ப நீ யார்றா, மலையாளத்தானே?"

"நானும் தமிழன்தான் அண்ணே."

"அப்படின்னா உனக்குத்தான் மொதல்ல!" என்று நாற்காலியைத் தூக்கினார்.

செல்வன் காலரையும் சட்டைக் கையையும் பற்றி, இடுப்பில் ஏற்றிப் போட்டான். குறை சொல்ல முடியாத வீச்சு. ஜூடோவில் போடுகிறவன் எதிராளியின் கைத்துணியை விடமாட்டான். கடைசி நொடியில் அதை மேலே இழுப்பான். தலை தரையில் மோதாமல் இருக்க அந்த இழுப்புதான் காவல். யோசிக்காமலே கை அதைச் செய்துவிடும். ஆனால் ஜூடோ அங்கி சாக்குப்பை மாதிரி தடியானது. முருகேசன் போட்டிருந்தது மெல்லிய பாலியஸ்டர் சட்டை. செல்வன் இழுத்ததும் சட்டைக் கை தோளோடு கிழிந்து வந்துவிட்டது. தலை கிரானைட் தரையில் மோதியது.

ஆம்புலன்ஸ் வரும்வரை செல்வன் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மேல இழுத்தேன் சேட்டா. நான் மேலதான் இழுத்தேன்."

3. ஐசியு வாசல்

மண்டைக்குள் ரத்தக்கசிவு, ஆபரேஷன். எஸ்ஐ வந்தார். "ஆள் போயிட்டா செக்ஷன் மாறும். பிளாக் பெல்டா நீ?"

"ஆமா சார்."

"அப்போ போட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் போட்டிருக்கே."

எந்த பெல்ட்டைப் பார்த்து வேலை கொடுத்தோமோ அதுவே அவன் கழுத்தைச் சுற்றியது. "நான் பிரவுன்தான் சார்" என்று முந்திக்கொண்டேன். எஸ்ஐ சிரிக்கவில்லை. எனக்கும் அது சிரிப்பாக வரவில்லை, பயத்தில் வாய் தானாகப் பேசியது.

முருகேசனின் மனைவி லட்சுமி செல்வனிடம் கேட்டாள். "எதால அடிச்சே?"

"அடிக்கல அக்கா. போட்டேன்."

"அடிக்காமலே இப்படின்னா, அடிச்சா என்னடா ஆகும்?"

முருகேசன் பிழைத்தார். ஆனால் இடது கையும் காலும் விளங்காமல் போய்விட்டன. இனி சாரம் ஏற முடியாது. கேஸ் நடக்கிறது. வேலை போன செல்வன் இப்போது களமசேரியில் ஒரு கம்பெனியில் லோடிங். ஷிஃப்டுக்கு முன் தினமும் பள்ளுருத்தி போய் அவரைக் குளியலறைக்குத் தூக்கிப் போகிறான். முதல் நாள் அவர் கத்தினார்: "தொடாதே! நீ கிட்ட வந்தாலே உடம்பு நடுங்குது."

"வேற யாரு உன்னைத் தூக்குவா? பேசாம இருய்யா" என்றாள் லட்சுமி.

இப்போது கத்துவதில்லை. செல்வன் இறக்கி வைக்கும்வரை கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்.

நான் கற்றது இவ்வளவுதான். எந்த ஆர்ட்டும் அது பழகிய இடத்தில்தான் முழுசாக இருக்கிறது. கிளவுஸ், தரையில் விரிக்கும் பாய், அங்கி, ரெஃப்ரி எல்லாம் சேர்ந்ததுதான் அது. அதில் ஒன்று குறைந்தாலும் யாருக்கு என்ன ஆகும் என்று எந்த மாஸ்டருக்கும் தெரியாது. இப்போது என் ஆட்கள் வீசுவதில்லை, குத்துவதில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடிக்க, மூன்றாமவன் ஸ்டூல் கொண்டுவர, உட்காரவைத்து, திட்டெல்லாம் வாங்கிக்கொண்டு ஆள் அடங்கும்வரை நிற்கிறோம்.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. "ஒருத்தனை வெளியே அனுப்ப அரை மணிக்கூரா?"

"ஐசியு வாசல்ல இதைவிட லேட்டாகும் சார்" என்றேன்.