உறுப்பினர் இருபத்தைந்து பேர் வந்திருந்தனர்

போளூரில் யாரைக் கேட்டாலும் பிலிப்பு நல்லவர் என்பார்கள். நல்லவர்தான். எவன் எந்த வேலையைத் தலையில் கட்டினாலும் “சரிங்க சார்” என்று வாங்கிக்கொள்கிற நல்லவர். அப்படிப்பட்டவரை ஊரில் சும்மா விடுவார்களா? விடவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஜீப்பு போட்டு வந்து பிடித்துக்கொண்டார்கள்.

1974-ல் ஜவ்வாது மலையில் கடுக்காமரத்தூர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிக்கு எழுத்தராகப் போனபோது அவருக்கு முப்பது வயது. மனைவி சாந்தாமேரி போளூரில் டீச்சர். மகள் மதலேனாள் கைக்குழந்தை. இரண்டு வருஷம் மலையில் இருந்தால் கீழே இறக்கிவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்போது மலைக்கு ஒரே ஒரு பஸ். சனிக்கிழமை அலுவலகம் மூடுவதற்கு முன்பே அது கிளம்பிப் போய்விடும். அதனால் மாதத்துக்கு ஒரு தடவை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பிலிப்பு பெண்டாட்டி பிள்ளை முகத்தைப் பார்த்தார். இரண்டு வருஷம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்தார்.

இரண்டு வருஷம் முடிகிற நேரத்தில்தான் பேராசிரியர் கோபால்சாமி வந்து சேர்ந்தார். பல்கலைக்கழக நிர்வாகவியல் மன்றத்தின் பொதுச்செயலாளர். ஆலையை எப்படி நடத்துவது, ஆபீசை எப்படி நடத்துவது, ஆட்களை எப்படி வேலை வாங்குவது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிற மன்றம் அது. அதில் இருந்தவர்களில் ஒருத்தர்கூட ஒரு டீக்கடை நடத்தியவர் கிடையாது. ஜில்லா முழுக்கக் கிளைகள் வைத்திருந்தார்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். ஒரு சொற்பொழிவு, ஆளுக்கு ஒரு வடை, ஒரு நன்றியுரை. அதோடு தேசத்தின் நிர்வாகம் ஒரு மாதத்துக்குச் சீர்பட்டுவிடும்.

அந்த வருஷம் கிராமத்திலும் ஒரு கிளை வேண்டும் என்று மேலே யாரோ பேசிவிட்டார்கள். கோபால்சாமி கிராமம் தேடிப் புறப்பட்டார். காவலூரில் தொலைநோக்கி பார்த்து முடித்து, திரும்புகிற வழியில் கடுக்காமரத்தூர் பள்ளியில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். சுவரில் பிலிப்பின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. நல்ல கையெழுத்தால் கெட்டவர்கள் அரசாங்க ஆபீசில் நிறைய உண்டு.

“இது யார் எழுதினது? நீங்களா? நீங்கதான் இனி கடுக்காமரத்தூர்க் கிளைக்குச் செயலாளர்” என்றார்.

“சார், இங்க மேனேஜ்மெண்ட்டு படிச்சவங்க யாருமே இல்லீங்களே.”

“அதனாலதானே கிளை வேணும்ங்கறேன்! இருபத்தஞ்சு உறுப்பினர், மாசம் ஒரு கூட்டம், கூட்டக் குறிப்பை எங்களுக்கு அனுப்பணும். அவ்வளவுதான். சரி, உங்களுக்கு என்ன வேணும்? கூச்சப்படாம கேளுங்க.”

பிலிப்பு கூச்சப்பட்டுக்கொண்டேதான் கேட்டார். “போளூருக்கு ஒரு டிரான்ஸ்பருங்க சார். வூட்ல சின்னக் கொழந்தை.”

“இவ்வளவுதானா? உங்க டைரக்டர் என் கிளாஸ்மேட். மனு கினு போட்டுக் காரியத்தைக் கெடுத்துக்காதீங்க. நானே நேர்ல சொல்றேன்.”

பிலிப்பு நம்பினார். படித்தவர், கண்ணாடி போட்டவர், ஜீப்பில் வந்தவர். நம்பாமல் என்ன செய்வார்?

இருபத்தைந்து பேருக்கு எங்கே போவது? ஊர்க்கவுண்டர் கோவிந்தனிடம் போய் நின்றார். கடுக்காமரத்தூரில் ஒரு வழக்கம் உண்டு. வழி செதுக்குவது, ஓடைக்குக் கரை போடுவது, கோயிலுக்குக் கூரை மாற்றுவது எதுவானாலும் கவுண்டர் பேர் சொல்லிக் கூப்பிடுவார்; வீட்டுக்கு ஒரு ஆள் வந்துவிட வேண்டும். கூப்பிடுவது வீட்டுப் பெரியவர் பேரைச் சொல்லி. வருவது யாராகவும் இருக்கலாம். இன்றைக்குப் புருஷன், நாளைக்குப் பெண்டாட்டி, மறுநாள் மருமகள். பெரியவர் செத்துப்போனாலும் வீடு இருக்கிறவரைக்கும் அவர் பேரைத்தான் கூப்பிடுவார்கள். யாரும் டிமிக்கி கொடுக்க முடியாது, யாருக்கும் பளுவும் ஏறாது. இதற்காக அவர்கள் எந்தச் சொற்பொழிவும் கேட்டதில்லை.

“வூட்டுக்கு ஒரு ஆளுதான சாரு? இருபத்தஞ்சு வூட்ட எழுதிக்க” என்றார் கவுண்டர். பிலிப்பு எழுதிக்கொண்டார். எழுதியது வீடுகளின் பட்டியல். அனுப்பியது ஆட்களின் பட்டியல். அந்தத் தப்பு அப்போது அவருக்கே தெரியவில்லை.

கூட்டம் ஒன்றும் நடக்கவில்லை. சாமைக்குக் களை வெட்டுகிறவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து என்னத்தைப் பேசுவது? கூட்டக் குறிப்பு மட்டும் மாதம் தவறாமல் போனது. “உறுப்பினர் இருபத்தைந்து பேர் வந்திருந்தனர்” என்று தொடங்கும். நேரத்தை நிர்வகிப்பது பற்றிச் சொற்பொழிவு நடக்கும். திரு. ரங்கன் ஐயம் எழுப்புவார். திரு. லட்சுமணன் தீர்மானம் கொண்டுவர, திரு. பழனி வழிமொழிவார். கடைசியில் நன்றியுரை. ரங்கன் அந்நேரம் புளியமரத்தின் உச்சியில் நின்று கிளையை உலுக்கிக்கொண்டிருப்பான். பிலிப்பு பயபக்தியுள்ள கத்தோலிக்கர். பாவசங்கீர்த்தனத்தில் மற்ற எல்லாவற்றையும் சொன்னவர், இதை மட்டும் சாமியாரிடம் சொன்னதில்லை. இது ஆபீஸ் வேலைதானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். நல்லவர்கள் மனசு எதற்கும் சமாதானமாகும்.

ஒவ்வொரு வருஷமும் பேராசிரியரிடமிருந்து கடிதம் வரும். “டைரக்டரிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள்.” மூன்றாம் வருஷம் சிறந்த கிளைக்கான கேடயமும் வந்தது. பள்ளி ஆபீசில் மாட்ட ஆணி இல்லாமல் பீரோ மேல் கிடந்தது. 1980-ல் விடுதிக் காப்பாளராக வந்த ராஜாக்கண்ணு வெள்ளைத் தாளில் பத்து வரி மனு எழுதிப் போட்டுவிட்டு, இரண்டே வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு கீழே போனான். பிலிப்பு அவனுக்கு பஸ் வரைக்கும் பெட்டி தூக்கிக்கொண்டு போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

அந்த ராஜாக்கண்ணு இருந்தபோதே, 1981-ல், கேடயம் வாங்குகிற கிளையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மன்றத்தின் மத்தியக் குழு கிளம்பியது. ஆறு பேராசிரியர்கள், அவர்கள் சம்சாரங்கள், பிள்ளைகள், ஒரு வேன். அருவியில் குளிக்க எத்தனை சோப்பு வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வந்தவர்கள். ஆய்வு வைத்த ஞாயிற்றுக்கிழமைதான் போளூர் மாதா கோயிலில் மதலேனாளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுனும் முக்காடும் தைத்து வைத்திருந்தாள் சாந்தாமேரி. தேதியை மாற்ற முடியுமா என்று பிலிப்பு எழுதிக் கேட்டார். “வேன் ஏற்பாடாகிவிட்டது” என்று பதில் வந்தது. அப்பா இல்லாமலே அந்தப் பிள்ளை நன்மை வாங்கியது.

கவுண்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். வழக்கப்படி வீட்டுக்கு ஒரு ஆள் வந்தது. ஊர் வேலை என்றுதானே கூப்பிடுவார், அதனால் எல்லோர் கையிலும் மம்முட்டி. கோபால்சாமி நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலைப் படித்தார்.

“திரு. ரங்கன்?”

ரங்கனின் மனைவி குப்பம்மா மம்முட்டியோடு எழுந்தாள். “ஆங், வந்துக்கிறேன்.”

“நீங்களா ரங்கன்?”

“அவுரு காட்டுக்குப் போய்ட்டாருங்க. வூட்டுக்கு ஒரு ஆளு. நான் வந்துக்கிறேன்.”

“திரு. லட்சுமணன்?”

ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள். “மாமனாரு செத்து நாலு வருசம் ஆவுதுங்க. வூடு கீது.”

செத்த லட்சுமணன் போன மாதம்கூட ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். வேலை போயிற்று, மானம் போயிற்று என்று பிலிப்பு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோபால்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். அப்புறம் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“பிரமாதம்! ஒரு பொறுப்பு, பல ஆட்கள். சுழற்சித் தலைமை! நாம ஏட்டுல எழுதறதை இவங்க வாழ்ந்துகிட்டு இருக்காங்க!”

ஆறு பேரும் குனிந்து குனிந்து எழுதினார்கள். செத்த ஆள் எப்படித் தீர்மானம் கொண்டுவந்தான் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இவ்வளவு படித்தவர்களிடம் அந்த ஒரு கேள்வியை எதிர்பார்த்தது பிலிப்பின் தப்பு. எழுதி முடித்துவிட்டு அருவிக்குப் போனார்கள். குளித்தார்கள், சாப்பிட்டார்கள், ஆளுக்கொரு பாட்டில் மலைத்தேனோடு வேனில் ஏறினார்கள்.

“வழி எங்க சார் செதுக்கணும்?” என்று குப்பம்மா இரண்டு தடவை கேட்டாள். பதில் சொல்ல ஆளில்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று இருபத்தைந்து பேரும் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பாதையை ஒழுங்காகச் செதுக்கி, மழைத் தண்ணீர் போக வாய்க்காலும் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த வேலையைப் பற்றி எந்தக் குறிப்பிலும் ஒரு வரி கிடையாது.

கோபால்சாமி சுழற்சித் தலைமையைக் கட்டுரையாக்கி டெல்லி வரை போய் வாசித்தார். கடுக்காமரத்தூர் மாதிரிக் கிளை ஆயிற்று. கேடயங்கள் பீரோவை விட்டு வழிந்தன.

1985 கோடை விடுமுறையில் சாந்தாமேரி மகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். பிலிப்பு மேஜையில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயது மதலேனாள், அப்பாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். சாந்தாமேரி அந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். நூறுக்கு மேல் கூட்டங்கள். எல்லாவற்றிலும் இருபத்தைந்து பேர்.

“இன்னாங்க இது, ஒரு நாள்கூட ஒருத்தரும் வராம இருந்ததே இல்லியா?”

“எல்லாம் பேருக்குத்தான், மேரி. ஆளு கெடையாது.”

“அப்ப என்னையும் இதுல சேர்த்துக்குங்க. பதினோரு வருசமா நானும் பேருக்குத்தான் கீறேன். ரேஷன் கார்டுல புருசன் பேரு கீது. வூட்ல ஆளு இல்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பிலிப்பு தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றைக்கே அவர் வெள்ளைத் தாளில் பத்து வரி மனு எழுதினார். பதினோரு வருஷத்தில் அவர் எழுதிய முதல் மனு அது.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மாறுதல் கோரிக்கை ஏற்கப்படவில்லை. காரணமும் இணைத்திருந்தார்கள். அது மன்றத்தின் கடிதம். “திரு. பிலிப்பு அவர்களை மாற்றினால் நாட்டுக்கே முன்மாதிரியான கிளை நின்றுபோகும். அவரை அங்கேயே தொடர அனுமதிக்க வேண்டுகிறோம்.” கீழே கோபால்சாமியின் கையெழுத்து. டைரக்டரிடம் அவர் கடைசியில் பேசித்தான் இருக்கிறார்.

பிலிப்பு அந்தக் கடிதத்தைக் கவுண்டரிடம் கொண்டுபோய் வாய்விட்டு அழுதார். கவுண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. முழுசாகக் கேட்டுக்கொண்டு, “இன்னா சாரு, இதுக்கா இத்தினி வருசம்? வேணாம்னா வூட்டுக்கு ஒரு ஆளு வந்து வேணாம்னு சொல்லிட்டாத் தீந்துச்சு” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. உண்மையாகவே கூடியது. கிளையின் முதல் கூட்டம். ஒரு வீட்டில் பிரசவம், இன்னொரு வீட்டில் புளி ஏற்றிக்கொண்டு போளூர் போயிருந்தார்கள். மீதி இருபத்துமூன்று வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. குப்பம்மாதான் முதலில் பேசினாள்.

“பொண்டாட்டி புள்ள அங்க, இந்த மனுசன் இங்க. எங்க பேர வச்சா இவர இங்க கட்டிப் போட்டுக்கிறானுங்க? எங்க வூட்டுப் பேர அடி சாரு.”

ஒவ்வொருத்தராக எழுந்து தங்கள் வீட்டுப் பேரை அடிக்கச் சொன்னார்கள். பிலிப்பு நடந்ததை நடந்தபடி எழுதினார். வந்தவர்கள் இருபத்துமூன்று பேர், வராதவர்கள் இரண்டு பேர், கிளை கலைக்கப்பட்டது. நன்றியுரை எழுதவில்லை, யாரும் சொல்லவில்லை. இருபத்துமூன்று பெருவிரல் ரேகையும் வைத்துத் தபாலில் சேர்த்தார். அன்றைக்கு அவர் மனசு லேசாக இருந்தது. போளூரில் எந்தத் தெருவில் வீடு பார்ப்பது என்றுகூட யோசித்தார்.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. கவுண்டர் அப்போது பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தார். பிலிப்பு உறையைக் கிழித்துப் படித்தார். அனுப்பிய குறிப்பை அப்படியே திருப்பியிருந்தார்கள். வருகை எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது, நடை தரமாக இல்லை, நன்றியுரையைக் காணோம், இப்படி ஒரு கூட்டம் நடந்ததாகவே நம்ப முடியவில்லை, இனி வழக்கம்போல் எழுதி அனுப்பவும் என்று இருந்தது. அந்த வருஷத்துக் கேடயம் தனிப் பார்சலில் வருகிறதாம்.

“இன்னா எழுதிக்கிறாங்க சாரு?”

“நீங்க யாருமே வரலைன்னு எழுதிக்கிறாங்க, கவுண்டரே.”

“அப்ப இத்தினி வருசமா வந்துனு இருந்தது யாரு?”

பிலிப்பு கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “நான்தான் கவுண்டரே. இருபத்தஞ்சு பேரும் நான்தான்.”

அடுத்த ஞாயிறு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. அவர் போளூருக்குப் போகவில்லை, கூட்டக் குறிப்பு எழுத உட்கார்ந்தார்.