லமாரா மூடிய டேஷ்போர்டு

வலது கை, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைப் பிடித்திருக்கிறது. இடது கைக் கட்டைவிரல் ரெக்சினை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போகிறது. சூடு கூடினால் ரெக்சின் பளபளத்துப்போகும். குறைந்தால், ஆறியதும் ஓரம் எழும்பி நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வாசனை வரும். அது வந்ததும் வலது கை தானாக விலகுகிறது. உள்ளே சிக்கிய காற்றைக் கட்டைவிரல் தள்ளித் தள்ளி விளிம்புக்குக் கொண்டுபோய் வெளியேற்றுகிறது. பிறகு ரப்பர் அச்சை வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் தோலின் சொரசொரப்பு பதிந்துவிடும். அந்த இடம் ஒரு நாள் பிளந்து கிடந்தது என்று, அதை வார்த்த தொழிற்சாலைக்காரன் வந்து பார்த்தாலும் சொல்ல மாட்டான்.

கைகள் லமாராவுடையவை. ருஸ்தாவி நகரத்தின் கார்ச் சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகைகள் வரிசையாக இருக்கின்றனவே, அதில் கடைசிக் கொட்டகை அவளுடையது. அவளுடையது என்பது பேச்சுக்கு. வரிசை முழுவதும் தாரியேலுக்குச் சொந்தம். வேலை தருவது அவர், மின்சாரம் வருவது அவருடைய மீட்டரிலிருந்து, மழைக்கு ஒழுகினால் சொல்ல வேண்டியதும் அவரிடம்தான்.

அமெரிக்காவில் இடிபட்ட வண்டிகள் போத்தி துறைமுகத்தில் இறங்கி இந்த வரிசைக்கு வரும். முதல் கொட்டகையில் அவற்றின் எலும்பை நிமிர்த்துவார்கள். அடுத்ததில் தகடு, அதற்கடுத்து பெயின்ட். ஏர்பேக் வெடித்த வண்டியென்றால் வெடித்த பையை அறுத்து எறிந்துவிட்டு, டேஷ்போர்டைக் கழற்றி லமாராவிடம் அனுப்புவார்கள். புதுப் பை வாங்கினால் லாபம் போய்விடும். அதனால் அந்த இடம் காலியாகவே இருக்கும். ஒயரில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகிவிட்டால் வண்டி பை இருப்பதாக நம்பி எச்சரிக்கை விளக்கை அணைத்துக்கொள்ளும். மனிதர்களை நம்ப வைப்பது லமாராவின் வேலை.

காலி இடத்தின் மேல் மெல்லிய தோலை மட்டும் இழுத்து ஒட்டினால் கோடை வெயிலில் தொய்ந்துவிடும். விரலால் தட்டினாலும் சத்தம் காட்டிக்கொடுக்கும். எனவே லமாரா பின்பக்கம் ஃபைபர் துணியை அடுக்கடுக்காக வைத்துப் பிசின் பூசிக் கல்லாக இறுக வைப்பாள். வரிசையில் வேறு யாரும் அவ்வளவு பாடுபட மாட்டார்கள். அவள் மூடியது பத்து வெயில் தாங்கும் என்று பெயர்.

மூடுகிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. இது வரிசையின் வழக்கம். யாரும் விதியாகச் சொன்னதில்லை. கேட்டால் பதில் வரும், பதில் தெரிந்தால் வண்டி வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். தையல் ஆலையை இழுத்து மூடியபின் லமாரா இந்த வேலைக்கு வந்தாள். சொல்லித்தர ஆளில்லை. குப்பையில் கிடந்த டேஷ்போர்டுகளைப் பொறுக்கிவந்து, கெடுத்துக் கெடுத்துக் கைப்பழக்கம் பிடித்தாள். கேட்காமலிருக்கவும் அப்படியே பழகினாள். ஒரு முறை கோபித்துக்கொண்டு சந்தையின் மறுபக்கம் போய்ப் பார்த்தாள். அங்கேயும் இதே வேலைதான், வேறொரு தாரியேல். திரும்பி வந்துவிட்டாள்.

ஜாபா அவளுடைய ஞானப்பிள்ளை. தேவாலயத்தில் ஞானஸ்நானத்தின்போது அவனைத் தண்ணீரிலிருந்து வாங்கிய கை லமாராவுடையது. வளர்ந்து, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். அவனுக்கு ஒரு ஆசை: இரண்டு கதவு, சிவப்பு, உறுமுகிற எஞ்சின். ஒரு நாள் கொட்டகைக்கு ஓடிவந்து போனை நீட்டினான்.

"ஞானம்மா, பாருங்க! பாதி விலைகூட இல்ல!"

லமாரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "பாதி வண்டிகூட இல்லையேடா."

"முன்னாடி கொஞ்சம் அடி. அவ்ளோதான்."

"கொஞ்சமா? மூக்கு எங்க?"

"மூக்கு கிடைக்கும். வரிசையில யார்கிட்டயாச்சும் இருக்கும்."

"வண்டியோட பேப்பர்ல என்னமோ பெருசா எழுதியிருக்கே?"

"சேல்வேஜ். இன்சூரன்ஸ்காரன் இது தேறாதுன்னு தலைமுழுகிட்டான்னு அர்த்தம். அவன் தலைமுழுகினதாலதான் நம்ம கைக்கு வருது. நல்ல வண்டி வாங்கற மூஞ்சியா எனக்கு?"

வாங்கிவிட்டான். மூக்கு கிடைத்தது, வேறு நிறத்தில். மூக்குக்குப் பின்னால் ரேடியேட்டர் போயிருந்தது, அதற்குப் பின்னால் வண்டியின் அடிச்சட்டம் வளைந்திருந்தது. படத்தில் தெரியாததெல்லாம் வண்டியைத் தூக்கியபின் தெரிந்தது. நடுவில் விற்றுவிடப் பார்த்தான். சேல்வேஜ் தாள், பாதி வேலை, யார் வாங்குவார்கள்? தாரியேல் மட்டும் பழைய இரும்பு விலை சொன்னார். புலிவாலைப் பிடித்த கதைதான். பிடித்துக்கொண்டே ஓடினான்.

கடைசியாக டேஷ்போர்டைத் தோளில் சுமந்து வந்தான். வலது பாதி, பக்கத்தில் உட்காருகிறவருக்கு நேர் எதிரே, பூவாக விரிந்து கிடந்தது.

"பை வாங்கலையா?" என்று கேட்டாள் லமாரா.

"ஊருக்கெல்லாம் கேக்காம மூடறீங்க. எனக்கு மட்டும் என்ன?"

"உனக்குக் கேக்காம வேற யாருக்குடா கேப்பேன்?"

"பணம் இல்ல ஞானம்மா. மூடிக் குடுங்க. அப்புறம் பாக்கலாம்."

மூடிக் கொடுத்தாள், மற்றவர்களுக்கு மூடுவதைவிடக் கூடுதலாக ஒரு அடுக்கு வைத்து. ஆனால் விடவில்லை. மாடிப்படியில் பார்த்தால், "பை?" ரொட்டிக் கடையில் பார்த்தால், "பை?" ஈஸ்டரன்று சிவப்பு முட்டையை அவன் முட்டையோடு மோதும்போதும், "உயிர்த்தெழுந்தார். பை வாங்கினியா?"

ஒரு சனிக்கிழமை காலை சிவப்பு வண்டி உறுமிக்கொண்டே வரிசைக்குள் வந்தது. எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். ஜாபா இறங்கினான். பக்கத்து சீட்டில் அவனுக்கு நிச்சயமான பெண் தெக்லே, மடியில் பயறு ரொட்டிப் பொட்டலத்தோடு. மறுநாள் ராச்சா மலையில் அவளுடைய ஊரில் விருந்து. இருவரும் அப்போதே கிளம்புவதாக இருந்தது.

"ஞானம்மா, உங்க தொல்லை தாங்க முடியல," என்றான் ஜாபா. "மோட்டார் சைக்கிளை வித்துட்டேன். ரெண்டு பையும் வாங்கி மாட்டியாச்சு. ஸ்டியரிங்ல ஒண்ணு, தெக்லே முன்னாடி ஒண்ணு. நிஜப் பை! டேஷ்போர்டை அசைக்காம கீழே இருந்தே நானே படுத்து மாட்டினேன். இப்போ சந்தோஷமா?"

லமாரா கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, தெக்லேயின் முன்னால் தான் மூடிய இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

பை வெடிக்கும்போது கண் இமைக்கும் நேரத்தில் டேஷ்போர்டைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். அதற்காகவே தொழிற்சாலையில் பின்பக்கம் மெல்லிய கோடு கீறியிருப்பார்கள். லமாரா மூடியதில் கோடு கிடையாது. அது கல். கிழியாது. பை அதை முழுப் பலகையாகப் பெயர்த்து எதிரே இருக்கும் முகத்தில் அடிக்கும். காலி இடம்கூட இதற்குத் தேவலை. இதை அவனிடம் சொல்ல வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியதேயில்லை; பை வாங்கினால் மாட்டத் தன்னிடம்தான் வருவான் என்று இருந்துவிட்டாள். வரிசையில் மூடிய பிறகு பை வைத்தவர் ஒருவரும் கிடையாது.

நாலு எட்டில் தாரியேல் நின்றிருந்தார். அவரோடு ஒரு இளம் தம்பதி, பெண்ணின் இடுப்பில் குழந்தை. சாம்பல் நிற வண்டி ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அதன் டேஷ்போர்டும் லமாரா மூடியதுதான்.

"ஜாபா, வண்டிய இங்க விட்டுட்டுப் போ," என்றாள். "அச்சு சரியா பதியல. ஒரு இடத்துல பளபளக்குது."

"எங்க? எனக்குத் தெரியலயே."

"எனக்குத் தெரியுது."

"நாளைக்கு அங்க ஆட்டை உரிச்சு வெச்சுட்டுக் காத்திருப்பாங்க. ரெக்சின் பளபளக்குதுன்னு மாப்பிள்ளை வரலன்னா, இவ சித்தப்பா என்னை உரிச்சிடுவாரு."

"அவருக்கு அதுல ரொம்ப நாளா ஆசை," என்றாள் தெக்லே ஜன்னல் வழியாக.

தாரியேல் பக்கத்தில் வந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, இந்தத் தொழில் அவருக்குத் தெரியாதா? "லமாரா, பிள்ளைங்க கிளம்பட்டும்," என்றார் மெதுவாக. "திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லு. பாத்துக்கலாம்."

"மலை ரோடு, தாரியேல்."

"நல்ல ரோடுதான். இப்போ ஆளுங்க இருக்காங்க."

காதோடு சொல்லலாம். சொன்னால் கேட்கிற பிள்ளையாக இருந்தால் இந்த வண்டியையே வாங்கியிருக்க மாட்டான். சிரிப்பான், திங்கட்கிழமை என்பான், போய்விடுவான். உரக்கச் சொன்னால் அந்தக் குழந்தைக்காரியும் கேட்பாள். லமாரா இரண்டையும் ஒரு முறை நினைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"பானெட்டைத் திற. மூக்கு எப்படி உக்காந்திருக்குன்னு பாக்கணும்."

அவன் பெருமையாகத் திறந்தான். அவள் ஏப்ரன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து பேட்டரி ஒயரைக் கழற்றி ஓரமாக மடக்கினாள். வண்டியில் இருந்த சாவியை எடுத்து ஏப்ரனில் போட்டுக்கொண்டாள். "தெக்லே, இறங்கும்மா." பெண் இறங்கினாள். ஒயரில் தங்கிய மின்சாரத்தில் பை வெடித்துவிடலாம், அது வடியட்டும் என்று லமாரா கைகட்டி நின்றாள். ஜாபா ஏதேதோ கேட்டான். பிறகு உள்ளே குனிந்து, தன் கையால் செய்ததிலேயே ஆக நன்றாக அமைந்த ஒன்றைக் கத்தியால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கிழித்தாள்.

"ஐயோ! பைத்தியமா உங்களுக்கு!"

ரெக்சினை உரித்து, கத்திப் பிடியால் தட்டிக் காட்டினாள். டொக் டொக் என்றது. "இது கிழியுமா? பை வெடிச்சா இதுதான் பேர்ந்து வரும். இவ மூஞ்சிக்கு."

"பை வாங்கு, பை வாங்குன்னது நீங்கதானே?"

"நான்தான்."

"மூடினதும் நீங்கதானே?"

"நானேதான்."

"அப்போ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மூடினப்புறம் பை வாங்கின ஆளை இங்க நான் பாத்ததே இல்லடா. நீதான் முதல் ஆளு."

குழந்தையோடு நின்றவள் தாரியேலைப் பார்க்காமல் லமாராவிடம் கேட்டாள்: "அக்கா, நாங்க பாக்கற வண்டிலயும் இப்படித்தானா?"

"அது வேற, இது வேறம்மா," என்றார் தாரியேல். "இது சேல்வேஜ் வண்டி."

"தட்டிப் பாரும்மா," என்றாள் லமாரா.

அவள் போய்த் தட்டினாள். கணவன் ஒரு முறை தட்டினான். பிறகு இருவரும் சந்தையின் மறுபக்கம் நடந்தார்கள், இன்னொரு தாரியேலிடம்.

அன்று பகல் முழுவதும் லமாரா அந்த வண்டியோடு இருந்தாள். கல்லைச் சின்ன ரம்பத்தால் அறுத்தெடுத்தாள். உள்ளே இருந்த பையைக் கழற்றி, துணியில் சுற்றி ஜாபாவின் கையில் கொடுத்தாள். ஸ்டியரிங் பையைத் தொடவில்லை. அது அதன் சொந்த மூடியோடு வந்தது. வலது பக்கக் குழியை மறுபடி மூடவில்லை. கறுப்புத் துணியை உட்புறம் ஒட்டி, விளிம்பை மடித்துத் தைத்து, திறந்த தட்டாகவே விட்டாள். அவசரம் என்று தையலை அகலப் போடவில்லை.

ஜாபா கவிழ்த்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, துணிச்சுருளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளும் இல்லை, வேலையும் இல்லை. தாரியேல் அவன் அருகில் நின்றார்.

"இப்பவும் வாங்கிக்கறேன். அன்னிக்குச் சொன்ன விலை கிடையாது."

"போங்க சார்."

"எங்க போறது? நீயும் இங்கதான், நானும் இங்கதான்." பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை ரெண்டு டேஷ்போர்டு வருது, லமாரா. வழக்கம்போல."

கொட்டகையைக் காலி பண்ணு என்று சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்கு மனதைத் தயார்படுத்திக்கூட வைத்திருந்தாள். அவர் அதைச் சொல்லவில்லை. அவளைப் போல் மூட வேறு ஆள் இல்லை.

"உள்ளே பை இருக்குமா?" என்று கேட்டாள்.

அத்தனை வருடத்தில் அவரிடம் அவள் அதைக் கேட்டதில்லை. தாரியேல் சிகரெட்டைக் காலால் நசுக்கிவிட்டு நடந்தார்.

பேட்டரியை மாட்டியதும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அணையவில்லை.

"ரெசிஸ்டர் சொருகிடறேன்," என்றான் ஜாபா. "விளக்காவது போகட்டும். இவங்க ஊர்ல என்ன சொல்றது?"

"எரியட்டும். உக்கார்றவங்க கேக்கட்டும்."

"குழியைப் பாத்துக் கேட்டா?"

"ரொட்டி வைக்கன்னு சொல்லு."

தெக்லே குனிந்து தட்டைத் தடவிப் பார்த்தாள். பொட்டலத்தை அதில் வைத்தாள். பொருந்தியது. "இடிச்சா நீ மட்டும் பொழைப்ப, அப்படித்தானே?" என்று அவனிடம் கேட்டாள். சிரிக்கவில்லை. சீட்டை முன்னால் மடக்கி, பின்னால் கைப்பை வைக்க மட்டும் ஏற்பட்ட இடத்தில் முழங்கால் மோவாயில் இடிக்கக் குறுகி உட்கார்ந்துகொண்டாள்.

லமாரா கையைத் துடைத்துவிட்டு ஏப்ரனிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். ஜாபா துணிச்சுருளை அணைத்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து, மடங்கிய முழங்கால்களுக்கு மேலாகத் தெக்லேயின் கை நீண்டு வந்து சாவியை வாங்கிக்கொண்டது.