நெல் ஸ்டோரின் வெறுங்குழாய்

யுத்தகாலத்தில் வாவிக்கரை நெல் ஸ்டோர் ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்தேன். களவைத் தடுக்க, காலை எட்டு மணியிலிருந்து நண்பகல்வரை எங்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவது ஒழுங்கு. எங்களை என்றால் என்னையும், காத்தான்குடியிலிருந்து சாக்குத் தைக்க வரும் காக்காவையும். அவ்வூர் முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நானும் அவரைக் ‘காக்கா’ என்பேன். பூட்டின் திறப்பு மேலதிகாரியின் சட்டைப்பையில் இருக்கும். அவர் எங்கே இருக்கவேண்டும் என்பதற்கு ஒழுங்கு ஏதும் இல்லை.

நெருப்புப் பிடித்தால் எங்களுக்குத் துணை, கூரையடியில் ஓடிய குழாய்தான். துத்தநாகம் பூசிய இரும்பு. சூட்டில் உருகித் துளை திறக்கும் ஈய அடைப்புகள் அதில் வரிசையாக இருந்தன. நெல்லில் சொட்டக்கூடாதென்று குழாயை வெறுமையாக வைத்திருந்தார்கள். கதவருகே வால்வைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் வரும்.

மாதம் ஒருமுறை தண்ணீர் விட்டுச் சோதித்து, வடித்து, ‘உலர்ந்தது’ என்று எழுதிக் கையெழுத்திடுவேன். உலரவில்லை. கூரைமரம் தாழ்ந்ததில் குழாயின் நடுப்பகுதி வடிகுழாயை விடக் கீழே இறங்கிவிட்டது. அங்கே தேங்கிய தண்ணீர் காற்றோடு சேர்ந்து இரும்பை உள்ளிருந்து தின்றது. முதலில் பொருத்துகளில் வெள்ளைப் பொடி; பிறகு சிவப்புத் துளி.

“குழாய் அழுவுது, பாத்தீங்களா தம்பி?” என்றார் காக்கா.

மேலிடத்துக்கு எழுதினேன். நாகம் பூசிய குழாய் துருப்பிடிக்காது; ஐயம் எழுந்துள்ளதால் இனி வாரந்தோறும் சோதிக்கவும் என்று பதில் வந்தது.

“இன்னொரு கடுதாசி எழுதிராதீங்க. நாளாந்தம் தண்ணி விடச் சொல்லுவானுகள்.”

“விதி அப்பிடி, காக்கா.”

“நெருப்புப் புடிச்சா?”

“வால்வைத் திறக்கவேணும்.”

“தண்ணி வருமா?”

“அதைப் பத்தி விதியில ஒண்டும் இல்ல.”

காக்கா சிரிக்கவில்லை. வீட்டில் அவருக்கு ஐந்து பிள்ளைகள்.

அடுத்த சோதனையைப் பார்க்க மேலதிகாரியே வந்தார். வால்வை முழுதாகத் திறக்கவேண்டும் என்பது விதி. குழாய் தாங்காதென்று பல மாதமாக நான் பாதிதான் திறந்துவந்தேன். அன்று விதியை எழுத்துப்பிசகாமல் பின்பற்றினேன். குழாயின் வயிறு கிழிந்து, செந்தண்ணீர் மூட்டைகளின்மேல் கொட்டியது.

“எத்தனை மூட்டை நனைஞ்சது?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

குழாயைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். புதியது வரும்வரை கதவையாவது திறந்து வைக்கக் கேட்டேன். பூட்டு வேறு பிரிவின் பொறுப்பாம்.

மறுநாள் எட்டு மணிக்கு வெளியே பூட்டு விழுந்தது. காக்கா பாயையும் கோணியூசியையும் இழுத்துவந்து கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். நான் என் மேசையை அவர் பக்கத்துக்கு நகர்த்தினேன்.