எலாடோன்னா என்னங்க?

ஐஸ்கிரீம் வியாபாரத்தில் சரக்கும் உருகும், கடைக்காரனும் உருகுவான். கடை வைத்து நொந்த சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் அந்த வம்பை நானே விலைக்கு வாங்கினேன். அப்பாவின் மிளகாய் வத்தல் மண்டிக்கு நேர் எதிரே, அவருடைய குடோனில் கடை. "ஒரு கோடை தாரேன். ஆடி பொறக்குறதுக்குள்ள சொந்தக் கால்ல நிக்கலைன்னா மறுபடியும் வத்தல் மூடைய அடுக்கிருவேன்" என்று சொல்லிவிட்டார். ஆயுசு முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டே மூடைக்கு நடுவில் உட்கார எனக்கு இஷ்டமில்லை.

பேர் வைத்த கதை

கப்பலில் சமையல் வேலை பார்த்த என் மச்சினன் வைத்த பேர் 'எலாடோ'. ஸ்பெயின்காரர்கள் ஐஸ்கிரீமை அப்படித்தான் சொல்வார்களாம். உறைந்தது என்றும் அர்த்தமாம். குலசாமி பேரை விட்டுவிட்டேன் என்று அப்பாவுக்கு ஆத்திரம். 'அந்தக் கடை' என்பாரே தவிர, பேரை வாயால் சொல்ல மாட்டார்.

போர்டைப் பார்த்து முதலில் படியேறியவர் திருச்சுழியில் ஏதோ ஆபீஸில் கிளார்க். அர்த்தம் கேட்டார். நானும் ஆசை ஆசையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு மனுஷன் மறுபடி போர்டைப் பார்த்தார்.

"ஐஸ்கிரீம் கடைக்கு ஐஸ்கிரீம்னு பேரு வைக்கவா அண்ணாச்சி ஸ்பெயினு வரைக்கும் போனீக?"

எதிர்க்காற்று

மண்டியில் வத்தலைக் கொட்டி அள்ளுகிற நாளில் காற்று நம்ம பக்கம் திரும்பினால் தீர்ந்தது. கடை முழுக்கத் தும்மல்தான். ஒருநாள் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கண்ணும் மூக்கும் ஒழுக உட்கார்ந்திருந்தது. தெருவில் போன பெரிய மனுஷர் ஒருத்தர் பதறிப்போய் உள்ளே வந்து, "வந்த இடத்துல என்னம்மா சண்டை?" என்று சமாதானம் பேச ஆரம்பித்துவிட்டார். அந்தப் பொண்ணு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது:

"சண்டையெல்லாம் இல்லைங்க, வெனிலா சாப்பிடுறோம்."

கரண்டு

சித்திரை வெயிலில், அதுவும் மத்தியானமாகப் பார்த்துக் கரண்டு போகும். பெட்டிக்குள் எல்லாம் கூழாகிவிடும். முன்னாடியே அர்த்தம் கேட்டுப் போயிருந்த வாத்தியார் ஒருத்தர் அப்படி ஒரு நாளில் வந்து கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார், போர்டை நிமிர்ந்து பார்த்தார்.

"உறைஞ்சதுன்னு தானே அர்த்தம் சொன்னீக? கரண்டு வார வரைக்கும் அந்த போர்டை எறக்கி வச்சிருங்க."

பரளச்சிச் சீர்

பரளச்சியில் ஒரு காதுகுத்து. யாரும் கொண்டுபோகாத சீராக இருக்க வேண்டும் என்று தாய்மாமனுக்கு வீம்பு. தாம்பாளத்தில் ஐஸ்கிரீம் வைக்கப் போகிறாராம். வேண்டாம் என்றேன், கேட்டால்தானே! உமியும் உப்பும் ஐஸுமாகப் பெட்டி கட்டி நானே வேனில் கூடப் போனேன். ஊர் எல்லை வரை கல் மாதிரி இருந்தது. அங்கே மேளக்காரர், மேளத்தோடுதான் சீர் உள்ளே போகணும் என்று பிடித்துக்கொண்டார். சீர்த்தட்டு தெருத்தெருவாக ஊர்வலம் போய்ப் பந்தலுக்கு வந்தபோது தாம்பாளத்தில் ரோஸ் கலரில் குளம்தான் இருந்தது. மாமன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடை இதோடு மூடியது என்று எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. சமையல்காரர் அசரவில்லை. டம்ளரில் ஊற்றிப் பந்தியில் இறக்கிவிட்டார். ஒரு பெரியவர் மூன்றாவது டம்ளரையும் முடித்துவிட்டு, பெட்டியில் எழுதியிருந்த பேரைப் படித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"எலாடோ நல்லாத்தான் இருக்கு மாப்ளே, ஏலக்காதான் பத்தாது."

அந்த வாரத்திலிருந்து பரளச்சி பஸ்ஸில் வந்து இறங்கியவர்களெல்லாம் 'எலாடோ ரெண்டு டம்ளர்' என்று கேட்டார்கள். கேட்டபடியே உருக்கிக் கொடுத்தேன், ஏலக்காய் போட்டு.

ஆடி ஒன்று

விடிந்ததும் அப்பாவிடம் ஒப்படைக்கக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். கடை நின்றதா விழுந்ததா என்று எனக்கே தெரியவில்லை. அப்பா போனில் இருந்தார். வழி தெரியாத லோடு லாரிக்காரர் யாரோ கேட்கிறார். அப்பா என்னைக் கவனிக்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டுல வண்டிய நிப்பாட்டி எலாடோ எங்கன்னு கேளுப்பா, சின்னப் புள்ளையும் காட்டும். அதுக்கு நேர் எதுத்தாப்புலதான் நம்ம மண்டி."

போனை வைத்துத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். "என்னலே பாக்குற? போய்க் கடையத் தெற."

அதற்கப்புறம் எலாடோவுக்கு அர்த்தம் கேட்டு வந்தவர்களையெல்லாம் நான் எதிர்த்த மண்டிக்கே அனுப்பி வைத்தேன்.