கப்பல் ஆட்டம் என்றார்கள்

கப்பலில் வாசல் என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதைக் கட்டியவன் மனிதர்களைப் பார்த்தவனாகவே இருக்க மாட்டான். கீழே முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புத் தடுப்பு, மேலே நெற்றி உயரத்துக்கு இன்னொன்று. மேலே பார்த்தால் கால் போகும், கீழே பார்த்தால் தலை போகும். எனக்குத் தலை போனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், கல்யாணமாகி இரண்டே மாதத்தில், கணவருடன் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவருக்கு அங்கே அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. நான்காம் நாள் காலை மேல்தளத்திலிருந்து அவர் குரல் கேட்டது. தீவு தெரிகிறது, சீக்கிரம் ஓடி வா என்றார். முதல் பச்சை கண்ணில் பட்டதும், அடித்தட்டில் பங்க் கிளாஸ் படுக்கைகளில் சுருண்டு கிடக்கிற சனமெல்லாம் விழுந்தடித்துக்கொண்டு மேலே ஓடுவது அந்தக் கப்பலின் வழக்கம். நானும் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ்த் தடுப்பைக் கவனமாகப் பார்த்துத் தாண்டினேன். அப்புறம் ஞாபகம் இருப்பது, தரையில் கிடந்ததும், யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்ததும், வாந்தி எடுத்ததும்தான். அந்த வாந்தியை யார் கண்டுகொள்வார்கள்? நான்கு நாளாகக் கப்பல் முழுக்க அதைத்தானே செய்துகொண்டிருந்தது. மயிரோரத்தில் ஒரு புடைப்பு மட்டும் இருந்தது, ரத்தம்கூட வரவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சிரித்தார் கணவர். அது எங்கேயும் போகவில்லை.

போர்ட் பிளேரில் மின்னி பே என்ற பகுதியில் எங்களுக்குக் கிடைத்த வீடு பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தது. இறங்கிய அன்று தரை ஆடியது. எல்லோருக்கும் ஆடுமாம். கப்பலில் வந்தவர்களுக்குக் கரையிலும் சில நாள் கடல் இருக்கும் என்பது தீவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யார் தள்ளாடி நடந்தாலும் எந்தக் கப்பலில் வந்தாய் என்றுதான் கேட்பார்கள். பக்கத்து வீட்டில், தீவிலேயே பிறந்து வளர்ந்த ஓர் அம்மாள் இருந்தார். என்னைப் பார்த்ததும் இஞ்சியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தார்.

"யே ஜஹாஸ் கா சக்கர் ஹை, பெஹன். கப்பல் சுத்து. பத்து தின்ல போயிடும்."

பத்து நாள் போனது, சுற்று போகவில்லை. கடல் மேல் அடிக்கிற வெயில் கண்ணுக்குள் ஊசியாக இறங்கியது. பாத்திரம் உருண்டால் அழுகை வந்தது. ஒரே குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். ஹிந்தி பேசும் பால்காரரிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால், ஹிந்தி கிடக்கட்டும், தமிழே வரவில்லை. புத்தகம் எடுத்தால் பத்து வரிக்கு மேல் எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. இது கப்பல் ஆட்டம் இல்லை, மண்டையில் பட்ட அடி என்று நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவரவர் தங்கள் ஆட்டக் கதையைச் சொன்னார்கள். ஒருவருக்கு மூன்று வாரம் ஆடியதாம். இன்னொருவருடைய மாமியாருக்கு ஒரு மாதமாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இங்கே எல்லோருக்கும் ஏற்கெனவே வந்துபோயிருந்ததுதான் என் கெட்ட காலம்.

இரண்டாம் மாதம் பேச்சு மாறியது. புதுப்பெண்ணுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் என்றால் வேறென்ன? முழுகாமல் இருக்கிறேன் என்று அக்கம்பக்கமே முடிவு கட்டி மாங்காய் கொடுத்தனுப்பியது. மாதம் தவறாமல் வீட்டுவிலக்கு வந்துகொண்டிருந்ததை நான் தெருத் தெருவாகப் போய்ச் சொல்ல முடியுமா? மாங்காயைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. ஊறுகாய்தான் போட்டேன், அதிலும் உப்பு எத்தனை தடவை விழுந்ததோ.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அந்தத் தீவு மழை விழுவதை, அடிபட்ட தலையோடு கேட்டவர்களுக்குத்தான் தெரியும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலையணையைக் காதோடு கட்டிக்கொண்டு பட்டப்பகலில் கிடப்பேன். மழை விடும், மறுபடி கொட்டும். வானத்தைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன், வெட்கமில்லாமல் உரக்கவே.

இத்தனைக்கும் எனக்குப் படுத்துக் கிடக்க நேரமில்லை. கடல் தாண்டிக் கொடுக்கிறார்களே என்று என் வீட்டில் அழுதபோது நான் சரி என்றதற்குக் காரணம் ஒன்றுதான். நான் ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். பெரார்கஞ்ச் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை வேண்டும் என்று கணவர் எழுதியிருந்தார், என் பெயரும் தேர்வாகி உத்தரவு வந்துவிட்டது. டாக்டரிடம் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் சேர்ந்துவிடலாம். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

கணவருக்கு எல்லாம் தெரியும். கீழே கிடந்த என்னைத் தூக்கியவரே அவர்தான். ஆனால் யாராவது கேட்டால், கப்பல் ஆட்டம் இவளுக்குக் கொஞ்சம் நீளுகிறது என்று அவரும் சேர்ந்து சொல்வார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடிபட்டதைச் சொன்னால் என்ன என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஓடி வான்னு கூப்பிட்டதே நான்தானே," என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சான்றிதழுக்குப் போகும் நாளில் நான் ஒரு முடிவு எடுத்தேன். மூன்று மாதமாக ஊரே எனக்குச் சொல்லிக்கொடுத்த பொய் கையில் இருக்கிறது, ஒரு தடவை எனக்காகவும் அதைப் பயன்படுத்துவோமே என்று. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் கத்துவதை எப்படித் தாங்குவாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதற்கும் பஞ்சு இருக்கிறது என்று அடக்கினேன்.

டாக்டர் வங்காளி. அவர் ஹிந்தியில் கேட்பதைக் கணவர் எனக்குத் தமிழில் சொல்லி, என் பதிலை ஹிந்தியில் திருப்பிச் சொன்னார். கண், காது, நெஞ்சு எல்லாம் பார்த்தாயிற்று. தலைவலி, மயக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டார். கப்பலில் வந்த ஆட்டம் கொஞ்சம் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்றேன். கணவர் அப்படியே சொன்னார், டாக்டர் எழுதினார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னிடமிருந்து கண்ணை எடுத்துக் கணவரைப் பார்த்தார்.

கணவர் எழுந்து நின்றுவிட்டார். கப்பலில் இவளுக்குத் தலையில் பலமாக அடிபட்டது, நினைவு தப்பியது, நான்தான் அவசரப்படுத்தினேன் என்று ஹிந்தியில் சொன்னார். எனக்கு அப்போது அரைகுறை ஹிந்திதான். அதில் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

ஆறு மாதம் ஓய்வு, படிக்கக் கூடாது, சத்தம் கூடாது, அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டர் காகிதத்தை மடித்து வைத்தார். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிச் சாலையின் ஏற்றத்தில் நட்டநடுவே நின்றேன். வேலை போயிற்று. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம், அப்படித்தான் இருந்தது.

"மூணு மாசமா நான் கெஞ்சினப்போ வாயத் தொறக்கல. இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருந்திருக்கக் கூடாதாங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "டாக்டர் அந்தக் கேள்விய ஒரு தடவைதான் கேட்டாரு. நீ ரெண்டு தடவ பதில் சொன்ன. கப்பல்ல வந்த ஆட்டம், இப்ப சரியாயிருச்சுன்னு. எழுதி முடிச்சதும் மறுபடியும் மொதல்லேருந்து அதையே சொன்ன. எனக்கு பயமாப் போச்சு."

பொய் சொல்லாதீர்கள் என்று சண்டைக்கு நின்றேன். நாற்காலி, மேசை, டாக்டரின் பேனா என்று அந்த அறையில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவை சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. இன்னொரு தடவை, இன்றுவரை, இல்லை.