கணக்குக்கு நான் வைத்த பேர்

எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் இருந்தது. சொல்லவே வாய் கூசுகிறது. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

தி. நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்து. எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேல் மாடி. அங்கே நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து சின்னச் சின்னக் கடைகளுக்கு சோஷியல் மீடியாவில் விளம்பரம் போட்டுக் கொடுக்கிறோம். நீங்கள் பாட்டுக்கு போனில் விரலால் தள்ளிக்கொண்டு போகும்போது நடுவில் பட்டுப் புடவையும் மாவடுவும் வந்து வழியை மறிக்கிறதே, அந்தப் பாவத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

ஒவ்வொரு கடைக்கும் தனியாக ஒரு விளம்பரக் கணக்கு திறக்க வேண்டும். திறக்கும்போதே அது ஒரு பேர் கேட்கும். அங்கேதான் தகராறு. எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கடைப் பேரே முடிவாகியிருக்காது. "நியூமராலஜி பாக்கச் சொல்லியிருக்கேம்மா, வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்பார்கள். வெள்ளிக்கிழமை ஒரு பேர் வரும். அடுத்த வாரம் அதில் ஒரு 'ஏ' கூடும். அப்புறம் அவருடைய மச்சான் வேறொரு ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்து, 'ஏ'யை எடுத்துவிட்டு 'ஹெச்' போடச் சொல்வார். எங்கள் முதலாளி, நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், ஒரு நாள் வெறுத்துப்போய்ச் சொன்னார்: "அவங்க பேரு அவங்க பாட்டுக்கு மாறிட்டுப் போகட்டும். நமக்கு ஆள் அடையாளம் தெரியற மாதிரி ஏதோ ஒண்ணை வைங்க. வெளியில யாரு பாக்கப் போறா?"

யாரு பாக்கப் போறா! பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு என்று நினைக்குமாமே, அந்தக் கதைதான்.

எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாக்கலாம்" என்கிற ஜவுளிக்கடைக்காரர் கணக்குக்கு 'நாளைக்கு சார்' என்று பேர் வைத்தோம். ராகு காலத்தில் போனைக்கூடத் தொடாத மேற்கு மாம்பலம் ஊறுகாய் மாமி 'ராகு காலம்' ஆனார். மயிலாப்பூரில் கவரிங் நகை விற்கிற ஒருத்தர் பேச ஆரம்பித்தால் நாம் நடுவில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், அவர் 'நான்ஸ்டாப்'. நல்ல பேர் வைக்கிறவருக்கு அன்றைக்கு சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி மற்றவர்கள் செலவு. அந்த ஆபீசில் அதிகம் பஜ்ஜி தின்றது நான்தான். எனக்கு வாய் அப்படி.

நாங்கள் அக்கா என்று கூப்பிட்ட அந்த அம்மாள் வந்தது போன வருஷம் வெயில் உச்சியில் இருந்தபோது. ராயப்பேட்டைக்காரர். அடையாறு ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்துக்கொண்டு, அதே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் விக் கடை போட்டிருந்தார். "முடி கொட்டின உடனே நா எங்கெங்கயோ அலைஞ்சேன் கண்ணு. ஒருத்தன் யானை விலை சொன்னான், ஒருத்தன் நாடகத்துக்குப் போடறதைக் குடுத்தான். அதான் நானே போட்டுட்டேன் கடைய" என்றார். வைத்தியம் முடிந்தும் அவருக்கு முடி சரியாக வரவில்லை. தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டுதான் வந்தார்.

எங்கள் மாடிப்படி செங்குத்து. ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. ஏசி அன்றைக்கும் வேலை செய்யவில்லை. ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னா கண்ணு, ஃபேனு சுத்துதா, இல்ல சுத்தலாமான்னு யோசிச்சுகினு கீதா?" என்றார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. கடையில நா தொறந்து வெச்சுகினு உக்காந்தா வரவங்க பயப்படுவாங்க. வூட்ல அக்கம்பக்கம் வேடிக்கை பாக்கும். இங்க கொஞ்சம் காத்து வாங்கிக்கறேன்" என்றார்.

அதற்கப்புறம் வாரம் ஒரு தடவையாவது வருவார். போனிலேயே முடிகிற வேலைதான், இருந்தாலும் பஸ் ஏறி வருவார். வந்ததும் துணி மடிக்குப் போய்விடும். டீ குடிப்பார். கடைக்கு வந்த கதைகளைச் சொல்வார். எங்களுக்கும் அவர் வந்தால் ஆபீஸ் கலகலப்பாக இருக்கும். இதெல்லாம் நிஜம். நான் அந்த அம்மாளை வெறுத்துச் செய்ததில்லை. வெறுத்துச் செய்திருந்தால்கூட ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

முதல் நாள் அவர் படி இறங்கிப் போனதும் கணக்கைத் திறந்தேன். கடைப் பேருக்கு அவரும் நியூமராலஜி பார்த்துக்கொண்டிருந்தார். பேர் என்ன என்று திரை கேட்டது. 'மொட்டை அக்கா' என்று அடித்தேன். அடித்துவிட்டுத் திரையைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினேன். சார் சிரித்துவிட்டு, "பாவம்மா அது" என்றார். பாவம் என்றாரே தவிர மாற்றச் சொல்லவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டிசைன் போடுகிற தம்பி ஒருத்தன் அப்போது எங்களோடு இருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, இது வேணாமே. எங்கம்மாவும் கொஞ்ச நாள் இப்படி இருந்தாங்க" என்றான் என்னிடம்.

"சும்மா இருடா. விளையாட்டுக்குத்தானே" என்றேன். அன்றைக்கும் பஜ்ஜி எனக்குத்தான். அவன் தின்னவில்லை.

கொஞ்ச காலம் கழித்து அக்கா விக் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். அவர் கடைச் சரக்குதான், தோள் வரைக்கும் சுருள் முடி. நான் எழுந்து நின்று கை தட்டினேன். "சூப்பர்க்கா! பத்து வயசு கொறஞ்சுட்டீங்க!" என்றேன். "அப்படியா கண்ணு" என்றார். அவ்வளவுதான். ஃபேனுக்குக் கீழே உட்காரவில்லை, கதவுப் பக்கமாக உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை இறங்கி வந்தது, கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டார். டீ வேண்டாம் என்றார். அப்புறம் வருவதும் குறைந்துபோயிற்று. கடை நன்றாக ஓடுகிறது, நேரமில்லை போலிருக்கிறது என்று நாங்களே பேசிக்கொண்டோம்.

டிசைன் தம்பியும் பெங்களூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான்.

போன மாசம் சார் அந்த ஜவுளிக்கடைக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் எதையோ காட்டப் போக, 'நாளைக்கு சார்' என்று கொட்டை எழுத்தில் வந்து நின்றது. நல்லவேளை, அவர் கண்ணாடியை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவரை அனுப்பிவிட்டு நேரே என்னிடம் வந்தார். "எல்லாக் கணக்கையும் ஒழுங்கா அடுக்கு. ஏரியா, கடை, என்ன விளம்பரம், இந்த வரிசையில பேரு. முடிச்சுட்டு அவங்கவங்க கணக்கை அவங்கவங்க கிட்டயே ஒப்படைச்சுடலாம். இந்த வம்பே வேணாம்."

எனக்கு இந்த மாதிரி வேலை பிடிக்கும். பழையது, ஓடுகிறது, நின்றுபோனது என்று பிரித்து, ஒவ்வொன்றாகப் பேரை மாற்றிக்கொண்டே வந்தேன். 'ராகு காலம்' போய் 'மேற்கு மாம்பலம் - ஊறுகாய்' வந்தது. 'நான்ஸ்டாப்' போய் 'மயிலாப்பூர் - கவரிங்' வந்தது. ஒவ்வொன்றையும் அழிக்கும்போது சிரிப்புக்கூட வந்தது. அடையாற்றுக்கு வந்தேன். 'மொட்டை அக்கா.' தினம் கண்ணில் பட்டாலும் அந்தப் பேரை நின்று படித்து ரொம்ப நாளாகிவிட்டது. கணக்கை வாங்கிக்கொள்ள அக்கா மறுநாள் வருவதாக இருந்தது. அவர் கண்ணில் மட்டும் இது பட்டிருந்தால்! அவசர அவசரமாக அழித்துவிட்டு 'அடையாறு - விக் கடை' என்று அடித்தேன். சேமித்தேன். மறுபடியும் திறந்து, மாறிவிட்டதா என்று பார்த்தேன். மாறியிருந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் அக்கா வந்தார். சுருள் முடி, கைக்குட்டை, கதவுப் பக்கத்து நாற்காலி. கணக்கை அவர் போனுக்கு அனுப்பினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பேர மாத்திட்டீங்களா?"

"எ... எந்தப் பேருக்கா?"

"முன்னாடி வேற பேரு இல்ல இருந்துச்சு? மொட்டை அக்கான்னு."

சார் தன் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். பக்கத்து சீட்டுப் பெண் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசாமாசம் பில்லு வருதே கண்ணு. மேலயே போட்டுகீது. நீதான என் மெயிலுக்கு வர மாதிரி பண்ணிக் குடுத்த? மொத பில்ல எம் பொண்ணுதான் படிச்சுது. இன்னாம்மா, உன்ன இப்படியா எழுதி வெச்சுகீறாங்கன்னு அழுதுச்சு."

உண்மைதான். நான்தான் செய்து கொடுத்தேன். 'பில்லெல்லாம் உங்களுக்கே வந்துரும்கா, எங்களைக் கேக்கவே வேணாம்' என்று பெருமையாகச் சொல்லிக்கூடக் கொடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையாலும் கெட்டேன்.

"ஏன்க்கா இத்தனை நாளா கேக்கல?" என்றேன். என்னவொரு கேள்வி!

"கேட்டு? வேலைய நல்லாத்தான் செய்யறீங்க. கடைக்கு ஆளு வருது. சண்ட போட்டுட்டு நா எங்க போவேன்?" கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். "மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். எங்க வூட்டுக்காரு மொட்டைன்னுதான் கூப்புடுவாரு. எம் பொண்ணு தலையத் தடவிகினேதான் டிவி பாக்கும். ஆனா நா இங்க துணிய அவுத்துட்டு உங்களோட டீ குடிச்சுகினு கீறேன், நீங்க அந்தப் பக்கம் அதையே பேரா எழுதி வெச்சுகீறீங்க. அதான் கண்ணு தாங்கல. இந்த ஒரு எடத்துலதான் நா காத்தோட்டமா உக்காந்தேன்."

நிமிர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாரு வெச்சது?" என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அதுவும் பொய் இல்லை. "நான்தான்க்கா." அவ்வளவுதானே. திட்டியிருப்பார், எழுந்து போயிருப்பார், இரண்டும் எனக்குத் தகும். ஆனால் என் வாய் இருக்கிறதே, அதற்கு எப்போதுமே வேகம் அதிகம்.

"அந்த டிசைன் போடற தம்பிக்கா. வேலைய விட்டுப் போயிட்டான்ல, அவன்தான்."

சார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மறுபடியும் போனுக்குள் குனிந்துகொண்டார்.

"அவனா?" என்றார் அக்கா. "பாத்தா சாது கணக்கா இருப்பானே. கடைக்கு போர்டு அவ்ளோ அழகா போட்டுக் குடுத்தானே." பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை வேர்வையில் ஈரமாக இருந்தது. "நா உன்மேலதான் சந்தேகப்பட்டுகினு இருந்தேன். உனக்குத்தான் வாய் துடுக்கு ஆச்சேன்னு. மனசுல வெச்சுக்காத கண்ணு, மன்னிச்சுக்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். கீழே பாத்திரக் கடையில் யாரோ குடம் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா நாற்காலியை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டார். இரண்டு கையாலும் விக்கைப் பிடித்துக் கழற்றி என் மேஜையில், கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தலையைச் சுற்றி அதன் பட்டை அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. நடுவில் அங்கங்கே திட்டாகப் பூனை முடி. கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடி" என்றார். "இதுல இன்னா வெக்க தெரியுமா? மண்டையே வெந்துடுது. அந்த ஃபேன கொஞ்சம் ஏத்து கண்ணு."

எழுந்து போனேன். ஏற்கெனவே அஞ்சில்தான் இருந்தது. நாலுக்கு இறக்கி மறுபடியும் அஞ்சில் வைத்தேன்.

"டீ சொல்லட்டுமாக்கா?" என்றேன்.

"சொல்லு. சக்கர தூக்கலா." கண்ணைத் திறக்காமலே பேசினார். "அந்தப் புள்ளைய எங்கனா பாத்தா நா கேட்டேன்னு ஒண்ணே ஒண்ணு கேளு. உன்னப் பெத்தவளுக்கு இப்படி ஆயிருந்தா, அவளுக்கும் இந்தப் பேரத்தான் வெச்சிருப்பியாடான்னு."

"கேக்கறேன்க்கா" என்றேன்.